காதுக் கருவி வைத்த பிள்ளை ஏன் அடம் பிடிக்கிறது?



காது கேளாமல் பிறக்கும் பிள்ளைகளுக்கு இன்று கொக்ளியர் கருவி என்ற ஒன்றைச் சத்திரசிகிச்சை செய்து பொருத்துகிறார்கள். இலங்கையிலும் அரசாங்க வைத்தியசாலைகள் சிலவற்றில் இது செய்யப்படுகிறது. கருவி வைத்தால் காது கேட்கும், காது கேட்டால் பிள்ளை சொல்வழி கேட்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கையோடு காத்திருப்போம். ஆனால் மாதங்கள் போன பிறகும் பிள்ளை கத்துகிறது, கடிக்கிறது, தரையில் விழுந்து புரளுகிறது, கருவியைப் பிடுங்கி எறிகிறது. அப்போது லயத்தில் என்ன பேச்சு வரும்?

"இவ்வளவு பாடுபட்டு மிசின் வச்சும் புள்ள திருந்தலையே."

"செல்லம் கூடிப் போச்சு. ரெண்டு போடு போட்டா எல்லாம் சரியாகும்."

"மிசின் ஒத்துக்கல போல. கழட்டி வச்சிரு."

இந்த மூன்று பேச்சையும் நம்ப வேண்டாம். இந்தப் பிள்ளைகளின் அடம் பெரும்பாலும் குணக்கேடு அல்ல. மனதில் இருப்பதைச் சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை கையாலும் காலாலும் பல்லாலும் சொல்கிறது. அவ்வளவுதான். இதை விளங்கிக்கொள்ளாமல் அடித்தாலோ, கருவியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாலோ பிள்ளைக்குப் பெரிய நட்டம். பேச்சு வேகமாக வளர்வது சிறு வயதில்தான். அந்த ஆண்டுகள் போனால் போனதுதான்.

கருவி என்ன செய்கிறது?

நம் காதின் உட்பக்கத்தில் நத்தை ஓடு போல சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. சத்தத்தை மூளைக்குப் போகும் செய்தியாக மாற்றுவது அவைதான். அவை பழுதடைந்த பிள்ளைக்கு எவ்வளவு உரத்துக் கத்தினாலும் பயனில்லை.

கொக்ளியர் கருவிக்கு இரண்டு பகுதிகள். ஒன்று காதின் பின்னால் மாட்டுவது. அதில் சத்தத்தைப் பிடிக்கும் மைக், சத்தத்தைப் பிரித்தெடுக்கும் சிறிய கணினி, பற்றரி, தலையில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் வட்டத் தகடு ஆகியவை இருக்கும். மற்றப் பகுதி தோலுக்கு அடியில் இருக்கிறது. அதிலிருந்து போகும் மெல்லிய கம்பி நத்தை உறுப்புக்குள் புகுந்து, கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும். அந்தக் கம்பியில் 12 முதல் 22 வரையான மின்முனைகள் இருக்கும்.

15,000 கலங்கள் செய்த வேலையை இருபது முனைகள் செய்கின்றன என்றால் யோசித்துப் பாருங்கள். இது பெரிய உதவி. ஆனால் பிறவிக் காதுக்குச் சமமானது அல்ல. அமைதியான அறையில் பக்கத்தில் இருந்து பேசினால் பிள்ளைக்குப் பிடிபடும் பேச்சு, ரேடியோவும் டிவியும் ஓடும் வீட்டில் பிடிபடாது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது நமக்கே பேச்சு கேட்பதில்லை. கருவியால் கேட்கும் பிள்ளைக்கு அது இன்னும் கஷ்டம்.

அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ன் நகரில் பேராசிரியர் கிரேம் கிளார்க் தன் குழுவோடு 1978இல் பல முனைகள் கொண்ட கருவியை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அவருடைய தகப்பனாரே காது சரியாகக் கேளாதவர். 1990இல் அமெரிக்க அரசாங்கம் 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைப் பொருத்த அனுமதி கொடுத்தது. 2000ஆம் ஆண்டில் அந்த வயது 12 மாதமாகக் குறைந்தது. எவ்வளவு சின்ன வயதில் பொருத்துகிறோமோ பேச்சுக்கு அவ்வளவு நல்லது என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

பிள்ளைக்கு இரண்டு வயது உண்டு

மூன்று வயதில் கருவி வைத்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பிறந்த கணக்கில் அதற்கு மூன்று வயது. கேட்கிற கணக்கில், கருவியை இயக்கிய அன்றுதான் அது பிறந்திருக்கிறது. ஆறு மாதம் போனால் அதன் கேட்கும் வயது ஆறு மாதம். ஆறு மாதக் குழந்தையிடம் நாம் "போய் அந்தச் செம்பை எடுத்துட்டு வா" என்று சொல்வோமா?

ஆனால் பிள்ளையின் கால், கை, ஆசை, கோபம் எல்லாம் மூன்றரை வயதுக்கு உரியவை. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆயிரம் ஆசை. சொல்வதற்கோ பத்து வார்த்தை கூட இல்லை. அந்த இடைவெளியில்தான் அடம் பிறக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காது கேட்கும் பிள்ளை நாம் சொல்லிக் கொடுப்பதை மட்டும் படிப்பதில்லை. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்கிறது. "நாளைக்கு டவுனுக்குப் போறோம்", "சீனி முடிஞ்சிருச்சு", "தம்பிக்குக் காய்ச்சல், அதான் அழுவுறான்" எல்லாம் தானாகவே காதில் விழுகின்றன. காது கேளாத பிள்ளைக்கு இந்த "அதான்" கிடைப்பதில்லை. அதற்குக் கிடைப்பது வேண்டாம் என்ற கையசைப்பும் முறைப்பும்தான். ஏன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் எட்டவில்லை.

விடிய எழும்பி அம்மா பெரட்டுக்குப் போகிறார். கேட்கும் பிள்ளைக்கு "அம்மா மலைக்குப் போயிட்டு அந்திக்கு வந்துருவேன்" என்று சொல்லலாம். கேளாத பிள்ளைக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: அம்மா போய்விட்டார். திரும்பி வருவாரா என்று அதற்குத் தெரியாது. அது வாசலில் விழுந்து புரண்டால் அதற்குப் பெயர் அடமா, பயமா?

அமெரிக்காவில் கொக்ளியர் கருவி பெறும் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்று நடந்தது. அதில் 2009இல் வெளிவந்த ஒரு பகுதி, ஒன்றரை வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட 116 காது கேளாத பிள்ளைகளையும் காது கேட்கும் 69 பிள்ளைகளையும் ஒப்பிட்டது. காது கேளாத பிள்ளைகளிடம் குழப்படி கூடுதலாக இருந்தது. அவர்களுடைய மொழி குறைவாக இருந்தது, ஒன்றில் கவனம் நிற்பதும் குறைவு, பெற்றோருடன் பேச்சுப் பரிமாறும் நேரமும் குறைவு. மொழியும் கவனமும் பெற்றோருடன் நடக்கும் பேச்சும் பிள்ளையின் நடத்தையோடு பின்னிக் கிடப்பதை அந்த ஆய்வு காட்டியது. ஆகவே, அடத்தை மட்டும் அடக்கப் பார்ப்பதில் பயனில்லை. பேச்சைக் கூட்ட வேண்டும்.

முதலில் கருவியைப் பாருங்கள்

நேற்று வரை நன்றாக இருந்த பிள்ளை இன்று திடீரென்று குழப்படி செய்தால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் கருவியைச் சோதியுங்கள். கருவி வேலை செய்யவில்லை என்று சொல்ல சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. அதன் குணம் மாறுவதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் அடையாளம்.

1. பற்றரி இறங்கியிருக்கிறதா?

2. கம்பி முறிந்திருக்கிறதா? ஈரம் பட்டிருக்கிறதா? மலைநாட்டு மூடுபனியும் மழையும் இந்தக் கருவிக்குப் பகை. இரவில் கழற்றியதும் கருவியோடு தந்த ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்க வேண்டாம்.

3. காந்தம் ஒட்டும் இடத்தில் தோல் சிவந்து, புண்பட்டு இருக்கிறதா? காந்தம் கூடுதலாக இழுத்தால் வலிக்கும். மாற்றித் தருவார்கள்.

4. ஆறு ஒலிச் சோதனை செய்யுங்கள். பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளைச் சாதாரண குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஒலி கேட்டதும் பிள்ளை ஒரு சோடா மூடியைக் கோப்பைக்குள் போடட்டும். விளையாட்டாகவே பழக்கலாம். நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் கருவியில் ஏதோ இருக்கிறது. கிளினிக்குக்கு அறிவியுங்கள்.

கருவியின் சத்த அளவைக் கிளினிக்கில் அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். அளவு கூடினால் சத்தம் பிள்ளையை உறுத்தும், குறைந்தால் பேச்சு எட்டாது. தூரம் என்று அந்த நாளைத் தவறவிடாதீர்கள். போகும்போது பிள்ளை எப்போது, எங்கே கருவியைக் கழற்றுகிறது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் பார்ப்பவருக்கு அது பெரிய உதவி.

வழக்கமாக வரும் நான்கு பிரச்சினைகள்

கருவியைப் பிடுங்கி எறிதல்: மேலே சொன்ன சோதனை எல்லாம் சரி என்றால், சத்தமோடு சேர்க்காமல் சின்னச் சின்ன நேரமாகப் பழக்குங்கள். பிள்ளைக்குப் பிடித்த விளையாட்டு, பாட்டு, தின்பண்டம் வரும் நேரத்தில் மாட்டுங்கள். கழற்றினால் கோபப்படாமல், சிரிக்காமல், ஓடிப் பிடிக்காமல் திரும்ப மாட்டிவிடுங்கள். எறிந்தால் எல்லோரும் ஓடி வருகிறார்கள் என்று கண்டால் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டாகிவிடும். தூங்கும் நேரமும் குளிக்கும் நேரமும் தவிர, விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி தலையில் இருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கத்தல், அடி, கடி: பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அடிபடாமல் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தின் உச்சத்தில் புத்திமதி ஏறாது. அடங்கின பிறகு முகத்துக்கு நேரே குனிந்து, நடந்ததற்கு வார்த்தை கொடுங்கள். "ரொட்டி ஒடைஞ்சு போச்சு. ஒனக்குக் கோவம். கோவம் வந்தா கடிக்கக் கூடாது. அம்மாகிட்ட வந்து காட்டு." முகத்திலும் கோபத்தை நடித்துக் காட்டுங்கள். கோவம், பயம், வலி, பசி, சந்தோஷம் என்ற ஐந்து சொல்லும் பிள்ளைக்குத் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

சொல்வதைக் கவனிக்காமல் ஓடுதல்: முதுகுக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டால் கேட்டிருக்காது. கிட்டப் போய், தோளை மெதுவாகத் தொட்டு, பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. கேட்கும் பிள்ளை பூனையைப் பார்த்தபடியே "பூனை" என்ற சொல்லைக் கேட்கும். இந்தப் பிள்ளையோ பூனையையும் உங்கள் வாயையும் மாறி மாறித்தான் பார்க்க முடியும். எனவே சொல்லுங்கள், பிறகு காட்டுங்கள், பார்த்து முடியும் வரை பொறுங்கள். ஒரு நாள் முழுக்கக் கூர்ந்து கேட்ட பிள்ளைக்கு அந்தி நேரத்தில் களைப்பு வரும். அப்போது கொஞ்சம் அமைதியான இடம் வேண்டும்.

இரவில் அழுதல்: படுக்கும்போது கருவியைக் கழற்றுகிறோம். பிறகு விளக்கை அணைக்கிறோம். அந்த நிமிடமே பிள்ளைக்குச் சத்தமும் இல்லை, பார்வையும் இல்லை. பக்கத்தில் அம்மா இருப்பதே தெரியாது. பயம் வராமல் என்ன செய்யும்? சிறிய விளக்கொன்றை எரிய விடுங்கள். விளக்கை அணைப்பதற்கு முன் கட்டி அணைத்து, தூங்குகிற சைகையைக் காட்டுங்கள். தூங்கும் வரை உங்கள் கை பிள்ளை மேல் இருக்கட்டும்.

நாளை முன்கூட்டியே காட்டுங்கள்

வார்த்தையால் சொல்ல முடியாததைப் பொருளாலும் படத்தாலும் சொல்லலாம். ஒரு மட்டைத் துண்டில் நான்கைந்து படம் கீறுங்கள்: முகம் கழுவுதல், ரொட்டி, கொழுந்துக் கூடை, பிள்ளைக் காம்பரா, திரும்ப வரும் அம்மா. அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தினமும் கிளம்பும் முன் ஒவ்வொரு படமாகத் தொட்டுச் சொல்லுங்கள்: "அம்மா கூடை. அம்மா மலை. அம்மா வருவேன்." பிள்ளை தூங்கும்போது திருட்டுத்தனமாகக் கிளம்புவது இன்றைக்கு லேசு. நாளைக்கு அது உங்கள் சேலையை விடாது.

விளையாட்டை நிறுத்துவதற்கு முன் "இன்னும் ரெண்டு தடவை" என்று விரலால் காட்டுங்கள். "என்ன வேணும்?" என்று கேட்காமல், வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் கையில் பிடித்து "பழமா? பிஸ்கட்டா?" என்று கேளுங்கள். தெரிவு செய்யக் கிடைத்த பிள்ளை பிடுங்கத் தேவையில்லை.

"சைகை காட்டினா பேச்சு வராம போயிரும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். பேச்சே வராத காலத்தில் பிள்ளையை ஊமையாக விட்டுவைப்பதுதான் ஆபத்து. கருவியை மாட்டிவிட்டு, வாயாலும் சொல்லிக்கொண்டே சைகையும் காட்டுங்கள். எப்படிச் செய்வது என்று பேச்சு சிகிச்சையாளரிடம் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைப் பாவிக்க வேண்டும். அப்பா ஒன்று, அப்பாயி ஒன்று காட்டினால் பிள்ளை குழம்பிவிடும்.

அடிக்கலாமா? செல்லம் கொடுக்கலாமா?

அடி வேண்டாம். எதற்கு அடி என்பது பிள்ளைக்கு விளங்காது. அடிப்பது எப்படி என்பது மட்டும் விளங்கும், அதை அடுத்த பிள்ளை மேல் செய்து பார்க்கும். தலையிலும் கன்னத்திலும் கையே படக் கூடாது. தோலுக்கு அடியில் உள்ள பகுதிக்குப் பலமான அடி பட்டால் பழுதாகலாம். அதை மாற்ற இன்னொரு சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரும்.

தண்டனையாகக் கருவியைக் கழற்றவும் வேண்டாம். பேச்சு கேட்க முடியாதபடி செய்துவிட்டுச் சொல்வழி கேள் என்றால் எப்படி?

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "பாவம், காது கேக்காத புள்ள" என்று அப்பாயியும் தாத்தாவும் கேட்டதெல்லாம் கொடுப்பார்கள். தங்கச்சியை அடித்தாலும் தங்கச்சிதான் விட்டுக்கொடுக்க வேண்டும். இது பாசம்தான். ஆனால் பள்ளிக்கூடம் இப்படி விட்டுக்கொடுக்காது. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் உள்ள சட்டமே இந்தப் பிள்ளைக்கும் இருக்கட்டும். சட்டங்கள் மூன்று நான்கு போதும். விளங்குகிறபடி காட்டுங்கள், தினமும் மாற்றாதீர்கள். நல்லது செய்த நேரத்தில் உடனே சிரித்து, முதுகைத் தட்டிப் பாராட்டுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு முகச்சிரிப்புதான் முதல் பரிசு.

தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளில் பிள்ளையோடு முழு நாளும் இருப்பது அப்பாயியோ அம்மாயியோதான். கிளினிக்கில் சொல்லும் விஷயங்களை அவர்களும் நேரில் கேட்க வேண்டும். தகப்பன்மாரும் ஒரு தடவையாவது கூடப் போங்கள். பிள்ளைக் காம்பராவில் இருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தருக்குக் கருவியை மாட்டவும் பற்றரி மாற்றவும் காட்டிக் கொடுங்கள். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: தலையில் இருப்பது விளையாட்டுச் சாமான் இல்லை, இழுக்கக் கூடாது.

உடனே வைத்தியரிடம் போக வேண்டிய நேரம்

கருவி வைத்த பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் வரும் ஆபத்து மற்றப் பிள்ளைகளை விடக் கூடுதல். கடும் காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, வழக்கத்துக்கு மாறான மயக்கம் அல்லது எரிச்சல் இருந்தால் அதை அடம் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், காதுக்குள் கருவி இருப்பதைச் சொல்லுங்கள். இதற்குத் தடுப்பூசி உண்டு. பிள்ளைக்குப் போட்டாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள்.

பட்டன் போன்ற பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அது தொண்டைக் குழாயில் சிக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே புண்ணாக்கலாம். பற்றரிகளைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தலையில் பலமாக அடிபட்டாலும், கருவி வைத்த இடம் வீங்கினாலும், காதிலிருந்து சீழ் வந்தாலும் காட்ட வேண்டும்.

கருவி நன்றாக வேலை செய்து, வீட்டிலும் மேலே சொன்னபடி நடந்து, மாதங்கள் போன பிறகும் பிள்ளை கண்ணுக்குக் கண் பார்க்கவில்லை, சைகைக்கும் திரும்பவில்லை, தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது என்றால் வேறு காரணமும் இருக்கலாம். பார்வைக் குறை, ஓட்டிசம் போன்றவை காது கேளாமையோடு சேர்ந்தும் வரும். தோட்ட வைத்திய உதவியாளரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். எங்கே காட்ட வேண்டும் என்று அவர்கள் வழிகாட்டுவார்கள்.

தாய்மாரே, தகப்பன்மாரே! வேலை முடிந்து களைத்து வரும் உங்களால் மணிக்கணக்காக உட்கார்ந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க முடியாது என்பது தெரியும். அதற்கென்று தனி நேரம் தேவையில்லை. அரிசி களையும்போது, தலை வாரும்போது, பீலித் தண்ணியில் கால் கழுவும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். ரேடியோவை அந்த நேரம் மட்டும் நிறுத்துங்கள். இன்று பிள்ளை கடித்துக் கேட்பதை நாளைக்குக் கை நீட்டிக் கேட்கும். அதற்குப் பிறகு ஒரு நாள் வாயைத் திறந்து "தா" என்று கேட்கும். அந்த ஒரு எழுத்து வரும்வரை பொறுமையாக இருங்கள். கருவியை மட்டும் கழற்றி வைத்துவிடாதீர்கள்.